ஏழாவது மாடி மாத்திரை

இரத்த அழுத்தத் தடுப்பு மற்றும் உணவுச் சீர்திருத்தத் துறைக்கு ஏழு மாடிக் கட்டடத்தைத் தூக்கிக் கொடுத்தவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டு அறை கொடுத்திருந்தால் இரண்டு அறைக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் கூத்தடித்திருப்பார்கள். ஏழு மாடி கிடைத்ததும் மாடிக்கு மாடி ஒரு யோசனை தேவைப்பட்டது. யோசனைக்கு அங்கே என்றைக்கும் பஞ்சமில்லை.

கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவும், திருப்பினால் ஏறி இறங்குகிற பித்தளைக் கைப்பிடியும் கொண்ட பழைய காலத்து லிஃப்ட். அதைச் சுற்றிச் சுற்றித்தான் மாடிப்படி போகும். லிஃப்டுக்கும் படிக்கும் நடுவே வெறும் கம்பி வலைதான். லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லோரும் 'லிஃப்டு' என்றே கூப்பிடுவார்கள். "லிஃப்டு, மேல போ." "லிஃப்டு, கீழ எறக்கு." அவரும் முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு, ஒருத்தர் வம்புக்கும் போகாமல் இருந்தார். வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியவள் அந்த அக்காதான். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை அவளுக்கு. நின்றே பார்க்க வேண்டிய வேலை. முழங்கால் இரண்டும் எப்போதோ போய்விட்டன. பிரஷரும் சேர்ந்துகொண்டது. தெருமுனை மருந்தகத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, பிரஷரைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள்.

அப்போதுதான் துறைக்குப் புது இயக்குநர் வந்தார். வந்த வேகத்தில் தெருமுனை மருந்தகம் ஒன்றைப் பார்வையிடப் போனார். போய்விட்டு வந்து ஊழியர்களைக் கூட்டி ஒரு பேச்சுப் பேசினார்.

"நோயாளி மருந்தகத்துக்கு வந்து என்ன செய்கிறார்? பெஞ்சில் உட்காருகிறார். உட்கார்ந்து உட்கார்ந்துதானே அவருக்கு இந்த நோயே வந்தது? வந்தவரை மறுபடியும் உட்கார வைப்பது மருத்துவமா, கொலையா? இந்தத் துறை இனி யாரையும் உட்கார விடாது."

பெஞ்சுகளை எடுத்தார்கள். பெஞ்சு இல்லாத மருந்தகத்தில் வயசாளிகள் தரையில் உட்கார்ந்தார்கள். தரையை எடுக்க முடியாது என்பதால் மருந்தகங்களையே மூடினார்கள். மாத்திரை இனிமேல் தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடியில் மட்டும்தான் கிடைக்கும், ஆள் நேரில் வர வேண்டும், லிஃப்ட் பொதுமக்களுக்குக் கிடையாது என்று அறிவித்தார்கள். திட்டத்துக்கு 'ஏறு, நலம் பெறு' என்று பெயர். வெளிக்கடையில் வாங்கலாம் என்றால், துறையின் முத்திரை இல்லாமல் அந்த மாத்திரையை விற்கக் கூடாதென்று கடைக்காரர்களுக்கு உத்தரவு போயிருந்தது. முத்திரை எங்கே இருந்தது என்று கேட்க வேண்டாம். ஏழாவது மாடியில்தான்.

அதிகாரிகளுக்கு மட்டும் லிஃப்ட் உண்டு. அவர்களுக்கு நோய் இல்லையாம், அதனால் படி தேவையில்லையாம். தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலுக்கு நேராக ஒரு கேமரா மாட்டி, வெளியாள் ஒருவர் ஏறினாலும் லிஃப்ட்காரரின் வேலை போய்விடும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்து உணவு. கேன்டீனில் உப்பை ஒழித்தார்கள். வாசல் காவலர் ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். அந்தக் காவலருக்கே இரண்டு மாதத்தில் பிரஷர் வந்துவிட்டது என்பது தனிக்கதை. அதிகாரிகளுக்கு நாக்கு செத்துப்போயிற்று. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கோப்பில் கையெழுத்துப் போடக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். கணக்குத்துறை அதிகாரிதான் முதலில் வழி கண்டுபிடித்தார். ஒருநாள் லிஃப்டில் ஏறினவர், "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உப்பும் மிளகாயும் போட்டு வறுத்த முந்திரி.

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் என்பதற்குக் காரணம் இருந்தது. மற்ற இடங்களில் படியேறுகிறவர்களுக்குக் கம்பி வலை வழியாக லிஃப்டுக்குள் இருப்பது தெரியும். அந்த ஒரு இடத்தில்தான் 'உப்பு உன் உயிருக்கு எமன்' என்று எழுதிய பெரிய துணிப் பதாகையைத் துறையே வலை முழுக்க இழுத்துக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் நின்று யார் என்ன தின்றாலும் வெளியே தெரியாது.

விஷயம் மெல்லப் பரவியது. துணை இயக்குநர், உணவு ஆலோசகர், பிரச்சாரப் பிரிவுத் தலைவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரே நேரத்தில் வந்தால் கூட்டமாகிவிடும் என்று அவர்களுக்குள் முறையும் வைத்துக்கொண்டார்கள். பதினொரு மணி துணை இயக்குநருக்கு, மதியம் ஆலோசகருக்கு. மூன்று மணி எப்போதும் இயக்குநருக்குத்தான். லிஃப்டின் முக்காலிக்கு அடியில் ஒரு உப்புக் குப்பி நிரந்தரமாக இடம் பிடித்தது. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு "ம், போலாம்" என்பார்கள். அவர் கைப்பிடியைத் திருப்புவார். பதாகைக்கு அந்தப் பக்கம், மூச்சு வாங்க நிற்கிற நோயாளிகள் வறுத்த முந்திரி வாசனையை மோந்து பார்த்து, பசி மயக்கத்தில் தோன்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள்.

அக்கா முதல் தடவை ஏறிய கதையை வீட்டில் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் உணவு ஆலோசகர் ஒரு மேசை போட்டிருந்தார். மேசையில் பிளாஸ்டிக் பழங்கள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமலிருக்க ஒவ்வொன்றையும் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள்.

"தினம் அஞ்சு வகை பழம் சாப்பிடணும் நீங்க. கலர் கலரா இருக்கணும்," என்றாராம் ஆலோசகர்.

"எங்க தெருவுல பழத்த வெல கேட்டாலே பிரஷர் ஏறுதும்மா," என்றாளாம் அக்கா.

"வெல எங்க துறை இல்லீங்க. நீங்க ஆசப்பட்டாப் போதும். ஆசதான் முதல் படி."

ஐந்தாவது மாடியில் முகம் பார்க்கிற ஆள் ஒருவர் நின்றார். கோபம் அழுத்தத்தை ஏற்றுமாம். அதனால் வளாகத்துக்குள் கோபம் தடை செய்யப்பட்டிருந்தது. முகத்தில் சுளிப்பைக் கண்டால், கீழே போய் மனசை ஆற்றிக்கொண்டு மறுபடி ஏறி வரச் சொல்லிவிடுவார். ஆகவே ஐந்தாவது மாடியை நெருங்கியதும் எல்லோரும், கால் நடுங்க, நெஞ்சு அடிக்க, பல்லைக் காட்டிக்கொண்டே ஏறினார்கள். அக்காவும் பல்லைக் காட்டினாள். ஏழாவது மாடியில், ஏறி வந்த சூட்டோடு சூடாகக் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார்கள். எகிறிப்போயிருந்தது. "படியேற்றம் உங்களுக்குப் பத்தல. இன்னும் ஏறணும்" என்று எழுதி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் நாலாவது மாடியோடு திரும்பிவந்துவிட்டாள்.

லிஃப்ட்காரர் துணை இயக்குநரிடம் போனார். பதினொரு மணிக்கு, முந்திரி பாதி தீர்ந்து மனுஷர் கொஞ்சம் குளிர்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் கேட்டார்.

"சார், என் அக்காவுக்கு முட்டி போச்சு. படி ஏற முடியல. ஒரே ஒரு தடவ லிஃப்டுல கூட்டிட்டு வந்துக்கட்டுமா?"

"முட்டி நம்ம துறை இல்லியேப்பா."

"முட்டிக்குக் கேக்கல சார். மாத்திரைக்குக் கேக்கறேன்."

"ஏற முடியாதவங்களுக்கு லிஃப்ட் அனுமதிச் சான்று இருக்கு. நாங்க என்ன ஈவு எரக்கம் இல்லாதவங்களா? ஆறாவது மாடியில தர்றாங்க. நேர்ல வரச் சொல்லு."

"ஆறாவது மாடிக்கு எப்படி சார் வருவா?"

"படி இருக்கே."

"ஏறி வந்துட்டா?"

துணை இயக்குநர் ஒரு முந்திரியை வாயில் போட்டு யோசித்தார். "ஏறி வந்துட்டா ஏற முடியும்னு ஆயிடுது. அப்புறம் எப்படிச் சான்று குடுக்கறது? நீயே சொல்லு. விதியில எங்கயாவது ஓட்டை இருக்கா? ராவும் பகலும் ஒக்காந்து எழுதினது."

"அப்ப நானே வாங்கிட்டுப் போயிடறேன் சார். தெனம் ஏழாவது மாடிக்கு வர்றவன்தானே."

"நீ லிஃப்டுல வர்றவன். உனக்குக் குடுத்தா திட்டத்தோட நோக்கமே அடிபட்டுப் போயிடும்."

எனக்கே இதை எழுதும்போது கை பரபரக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவருக்கு அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி மூஞ்சியில் விசிற வேண்டும் போலிருந்தது. விசிறவில்லை. கைப்பிடியைத் திருப்பினார். அதற்காக அவர் பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்ட திட்டை இங்கே எழுத முடியாது.

இப்படியிருக்க, துறைக்கு விருது என்று செய்தி வந்தது. நாட்டிலேயே வேகமாக அழுத்த நோயாளிகளைக் குறைத்த துறை இதுதானாம். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து படிகளைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போக நாள் குறித்தார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பிளாஸ்டிக் பழங்களைக் கழுவினார்கள்.

அந்த நாள் காலையில் அக்கா வேலைக்குப் போகாமல் நல்ல சேலை எடுத்துக் கட்டினாள்.

"இன்னைக்கு வேணாம்க்கா. கூட்டமா இருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு நாளைக்குன்னு எத்தன நாளு? மாத்திர போன வாரமே தீந்துபோச்சுடா தம்பி. தல கிறுகிறுங்குது. விரிப்பு ரெண்டு ரெண்டாத் தெரியுது. இன்னைக்கு அவங்க விருந்தாளி வர்ற நாளு, கொஞ்சம் நல்லவங்களா நடந்துப்பாங்க. மத்தியானத்துக்கு மேல வந்து மெதுவா ஏறிக்கறேன். நீ ஒன் வேலையப் பாரு."

மூன்று மணிக்குக் குழு வருவதாக ஏற்பாடு. இயக்குநர் ஏழாவது மாடியிலிருந்து வரவேற்கக் கிளம்பினார். மூன்று மணி அவருடைய நேரம் என்பதை விருந்தாளிகளுக்காகவும் மாற்றிக்கொள்ள அவருக்கு மனமில்லை. நடுவில் நிறுத்தச் சொன்னார். இடது கையில் முந்திரி, வலது கையில் பேச்சுத்தாள். "நீயும் கேளுப்பா. பாமரனுக்குப் புரியுதான்னு பாப்போம்" என்று ஒத்திகையைத் தொடங்கினார்.

"மதிப்பிற்குரிய குழுவினரே, முன்பெல்லாம் எங்கள் மருந்தகங்களில் கூட்டம் அலைமோதும். இன்று ஏழாவது மாடிக்கு வந்து பாருங்கள். காற்று வாங்குகிறது..."

பதாகைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. லிஃப்ட்காரர் தலையை நிமிர்த்தினார். சின்ன வயசிலிருந்து ஒரே அறையில் படுத்துக் கேட்ட மூச்சு அது.

"அந்த நோயாளிகள் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாத்திரை வாங்க வராதவருக்கு மாத்திரை தேவையில்லை என்றுதானே பொருள்? தேவையில்லை என்றால் குணமாகிவிட்டார் என்றுதானே பொருள்? அப்படியானால் குணமானவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று பாருங்கள். ஒரு மாத்திரைகூடச் செலவில்லாமல்!"

"ஏம்மா, ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று யாரோ ஒரு பெண் குரல். ஏதோ சரிகிற சத்தம். செருப்பு ஒன்று படியில் தட்டித் தட்டிக் கீழே போனது.

"சார், எங்க அக்கா," என்றார் லிஃப்ட்காரர்.

"குறுக்க பேசாத. இந்த இடந்தான் முக்கியம்."

"சார், வெளிய எங்க அக்கா விழுந்துட்டா."

இயக்குநர் பதாகையைப் பார்த்தார். பதாகையின் பின்பக்கம் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. "விழுந்திருக்க மாட்டாங்க. ஓய்வெடுக்கறாங்க. படுத்தா அழுத்தம் எறங்கும், நல்லதுதான். இரு, கைல இருக்கறத முடிச்சுக்கறேன்."

லிஃப்ட்காரர் கைப்பிடியைத் திருப்பினார். நாலாவது மாடியில் லிஃப்ட் குலுங்கி நின்றது. கதவை இழுத்துத் திறந்து, கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியில் மேலே ஓடினார். பின்னால் இயக்குநர், "யோவ், அத வச்சிட்டுப் போய்யா" என்று கத்துவது கேட்டது.

அக்கா பதாகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை தனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. அவரைப் பார்த்து என்னவோ சொன்னாள், வார்த்தை உருவாகவில்லை. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி லிஃப்டுக்குள் நுழைந்து, கைப்பிடியை மாட்டித் திருப்பினார். இயக்குநர் ஓரமாக ஒதுங்கி, "இது விதிக்குப் புறம்பு, விதிக்குப் புறம்பு" என்று தரைத்தளம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பொட்டலத்தை மட்டும் மறக்காமல் உள்பையில் திணித்துக்கொண்டார்.

கதவு திறந்தபோது எதிரே குழு நின்றிருந்தது. கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பேர், கையில் பூங்கொத்துகளோடு துறையின் பெண்கள், புகைப்படக்காரர். லிஃப்டுக்குள்ளே கோணிய வாயோடு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள், மீசையில் உப்பு ஒட்டிய இயக்குநர். இயக்குநர் ஒரே நொடிக்குள் சுதாரித்துக்கொண்டார். சும்மாவா இயக்குநர் ஆனார்.

"அவசரகால ஒத்திகை," என்றார் கம்பீரமாக. "எங்கள் ஊழியர்கள் எதற்கும் தயார் என்பதைக் காட்டுவதற்காக."

குழுவினர் கைதட்டினார்கள். துறை முழுக்கக் கைதட்டியது. வழிவிட்டு இரண்டு பக்கமும் நின்று தட்டிய அந்தக் கைகளுக்கு நடுவே அவர் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரோ ஒரு பூங்கொத்தை அவள் மடியில் வைத்தார்கள். தெருவுக்கு வந்துதான் அவர் அதைத் தூக்கி எறிந்தார். பாவிகள், ஒருத்தராவது அவள் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாதா?

அக்கா உயிர் பிழைத்தாள். வலது பக்கம் பிழைக்கவில்லை. விரிப்பு மடிக்க இரண்டு கை வேண்டும் என்று சலவைக்கூடத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

துறை சும்மா இருக்குமா? விசாரணை வைத்தது. மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் துணை இயக்குநர், பக்கத்தில் உணவு ஆலோசகர், அந்தப் பக்கம் கணக்குத்துறை அதிகாரி. மூன்று பேரையும் லிஃப்ட்காரருக்கு நன்றாகத் தெரியும், யாருக்கு மிளகாய் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பது வரைக்கும்.

"லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஏன் நின்னுது?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"நீங்கள்லாம் எப்பவும் நிறுத்தச் சொல்ற எடந்தான் சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படி ஒரு எடத்துல லிஃப்ட் நிக்கறதா நாங்க கேள்விப்பட்டதே இல்ல" என்றார் கணக்குத்துறை அதிகாரி. சொன்னவரின் சட்டைப்பை அப்போதும் புடைத்துக்கொண்டுதான் இருந்தது.

"சார், எங்க அக்கா மாத்திர இல்லாம விழுந்தா. நீங்க படி ஏறச் சொல்லித்தான் விழுந்தா. அவ கை போச்சு, பொழப்பு போச்சு. இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க."

"கேமராப் பதிவ நாங்க திரும்பத் திரும்பப் பாத்தோம்," என்றார் துணை இயக்குநர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதுதான் கொடுமை. "உங்க அக்கா கட்டடத்துக்குள்ள வரும்போது நடந்து வர்றாங்க. படியில நடந்து போறாங்க. அப்புறம் லிஃப்டுல வந்து எறங்கறாங்க. எறங்கும்போது நடக்கல. அப்ப எதனால போச்சு? படியிலயா, லிஃப்டுலயா? சின்னக் கொழந்தகூட சொல்லும்."

உணவு ஆலோசகர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு அன்றே வந்தது. வெளியாளை லிஃப்டில் ஏற்றி, அதனால் அவர் பக்கவாதத்துக்கு ஆளாகக் காரணமாக இருந்ததற்காக லிஃப்ட்காரர் அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுவாரம் ஊர் முழுக்க ஒரு புதுச் சுவரொட்டி ஒட்டினார்கள். வாய் கோணிய ஒரு பெண்ணின் படம். கீழே, 'லிஃப்டில் போனவரின் நிலை. நீங்கள் படியில்தானே போகிறீர்கள்?' என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தது. புகைப்படக்காரர் நன்றாகத்தான் எடுத்திருந்தார். மடியில் இருந்த பூங்கொத்தை மட்டும் அழித்திருந்தார்கள்.

கடைசி நாள் கைப்பிடியை ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். அக்கா கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். இடது கையால் தலையணை உறை ஒன்றை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் அது சரிந்து சரிந்து விரிந்தது. அவரைக் கண்டதும் ஏதோ கேட்டாள். புரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவைதான் வார்த்தை பிடிபட்டது.

"மாத்திர... குடுத்தாங்களா?"

வேலை போனதைச் சொல்லலாமா, சுவரொட்டியைச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர், இரண்டையும் விட்டுவிட்டார்.

"குடுக்கலக்கா. நீ நேர்ல வரணுமாம்."

அக்கா தலையணை உறையைச் சுருட்டி ஓரமாக எறிந்தாள். நல்ல கையை அவர் தோள் மேல் போட்டு, கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கு," என்றாள்.